தயிர்சாதத்தில் அரிசி பார்த்த வேலை

சோறு, தானியம் எல்லாவற்றையும் விலக்கும் ‘கற்கால உணவு’ என்கிற பேலியோ டயட் தொடங்கிப் பதினொன்றாவது நாள். இரவு பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, அத்தை சாப்பிட்டது போக மீதி வைத்திருந்த தயிர்சாதக் கிண்ணத்தை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். சாப்பிடவில்லை, மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். “ஏம்மா, ஒரு வாய் சாப்பிட்டாத்தான் என்ன, உசுரா போயிடும்?” என்று அத்தை கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

தொடங்கும்போது பிரியாணிக்குத்தான் ஏங்குவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. பிரியாணியில் அரிசியைக் கழித்தாலும் கறி மிச்சம் இருக்கிறது, மசாலா இருக்கிறது. பரோட்டா நினைவுக்கே வரவில்லை. இட்லி, தோசைக்கு ஒரு வாரம் வருத்தம் இருந்தது, முட்டையும் வெண்ணெயும் அதைச் சரிக்கட்டிவிட்டன. தயிர்சாதம் மட்டும் ராத்திரியானால் வந்து எதிரே நின்றது.

எங்கள் அம்மா தயிர்சாதத்தைத் தட்டில் போட்டுக் கொடுத்த நினைவு எனக்கு அதிகம் இல்லை. பெரிய கிண்ணத்தில் பிசைந்து வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்வார். நாங்கள் நாலு பேர் சுற்றிக் கையை நீட்டிக்கொண்டு இருப்போம். ஆளுக்கு ஒரு உருண்டை உள்ளங்கையில் விழும். அதன் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட வேண்டும். அந்தக் குழியில் முந்தின நாள் சுண்டவைத்த வத்தக்குழம்பு ஒரு சொட்டு. குழி உடையாமல் வாய் வரைக்கும் கொண்டுபோவதில் எங்களுக்குள் போட்டி. உடைந்தால் குழம்பு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடும், அதை நக்கினால் அம்மா திட்டுவார். தயிர்சாதம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தயிரும் இல்லை, சாதமும் இல்லை. அந்தக் குழிதான்.

சரி, பேலியோவுக்கு ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.3 வந்தது. 5.7-இல் இருந்து 6.4 வரை எல்லைக்கோடு என்கிறார்கள், 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நான் கோட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் மருத்துவர். அலுவலகத்தில் ஒரு அக்கா ஏற்கெனவே பேலியோவில் இருந்தார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதாமை எண்ணிக்கொண்டிருப்பார். அவரைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அவரிடம் போய்க் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் பேலியோ பரவிய விதமே தனி. 2010-களின் நடுவில் முகநூலில் நியாண்டர் செல்வனும் அவரோடு சேர்ந்த ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழுவும் அதைப் பேச்சுத் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் போட்டால் டயட் சார்ட் கிடைக்கும். காலையில் 100 பாதாம் அல்லது வெண்ணெய் போட்ட டீ, மதியம் காய்கறியும் முட்டையும், இரவு கறியோ மீனோ. சைவர்களுக்குப் பனீர். மாவுச்சத்து ஒரு நாளைக்கு 40 கிராம் என்பது எடை குறைப்பவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான கணக்கு. இது அமெரிக்காவில் எழுதப்பட்ட பேலியோ இல்லை. 1985-இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் ஒரு மருத்துவ இதழில் கற்கால மனிதனின் உணவு பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 2002-இல் லோரன் கோர்டெய்ன் அதை ஒரு உணவுமுறையாகவே புத்தகம் போட்டார். கோர்டெய்ன் கணக்கில் தானியம் கூடாது, பருப்பு கூடாது, பாலும் கூடாது. அதைத் தயிர்சாதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சாதம் போச்சு, தயிர் போச்சு, தாளிப்பில் உளுத்தம்பருப்பும் போச்சு. மிஞ்சுவது கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும். நம்மூர் பேலியோவில் தயிருக்கும் நெய்க்கும் வெண்ணெய்க்கும் இடம் உண்டு. அந்த ஒரு சலுகையை நம்பித்தான் நான் அடுப்படிக்குள் இறங்கினேன்.

கற்காலம் என்ற பெயரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பச்சை மிளகாய் போர்த்துகீசியர் வந்த பிறகு வந்தது. பால் கறக்க மாட்டைப் பழக்கியதெல்லாம் பேலியோ என்கிற பழைய கற்காலம் முடிந்து வெகு காலம் கழித்து. சாதத்துக்குப் பதிலாக நான் பிடித்துக்கொண்ட காலிஃபிளவர் முட்டைக்கோஸின் பங்காளி, மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உண்டாக்கிய காய். அதுவும் இந்தியாவுக்கு வந்தது 1822-இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சஹாரன்பூருக்கு. இன்னமும் காந்தி மார்க்கெட்டில் அதை இங்கிலீஷ் காய் வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், இன்றைய இஸ்ரேலில் கலிலேயக் கடலோரம் ஓஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன்னாலேயே காட்டு பார்லியைச் சேகரித்துக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். அது அசல் பேலியோ காலம். ஆக, கற்கால மனிதன் தானியம் தின்றிருக்கிறான், காலிஃபிளவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எனக்கு இது மாவுச்சத்துக் கணக்கு, அவ்வளவுதான். வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. நான் இரவில் சாப்பிடும் கிண்ணத்தில் எப்படியும் 250 கிராம் சாதம் இருக்கும். அதாவது 70 கிராம். ஒரு நாள் கோட்டாவை ஒரே கிண்ணத்தில் முடித்து, மறுநாள் கோட்டாவிலும் கை வைத்துவிடுகிறேன். அதே அளவு காலிஃபிளவரில் 12, 13 கிராம், அதிலும் ஐந்து கிராம் நார்.

இந்தக் கணக்கை அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அத்தைக்கு 74 வயது. சர்க்கரை கிடையாது, அது அவருக்கு ஒரு பெருமை. “பொறந்தா சோறு, செத்தா வாய்க்கரிசி. நடுவுல நீ மட்டும் எங்கருந்து புதுசா?” என்றார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் 3,200 வருஷப் பழசு என்று 2021-இல் அறிவித்தபோது டிவியில் பார்த்துவிட்டு, “பாத்தியா, செத்தவனுக்கே நெல்லு போட்டு அனுப்பியிருக்காங்க” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் முயற்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காலிஃபிளவரைக் குக்கரில் போட்டு ஒரு விசில் விட்டு, மத்தால் மசித்து, தயிரை ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்தேன். பார்க்க அச்சு அசல் தயிர்சாதம். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணத்தின் ஓரமெல்லாம் தண்ணீர். கூழுக்கும் மோருக்கும் நடுவே ஏதோ ஒன்று. வாடை வேறு. வேகவைத்த முட்டையை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் கந்தகச் சத்து உண்டு, அளவுக்கு மேல் வெந்தால் அது கிளம்பி வெளியே வரும். குக்கர் அதை மூடி போட்டு அடைத்து எனக்குப் பத்திரமாகக் கொடுத்திருந்தது.

இரண்டாம் தடவை எதிர்ப்பக்கம் போனேன். பச்சையாக மிக்ஸியில் குருணை மாதிரி அடித்து, வாணலியில் ஈரம் போக வதக்கி, ஆறவைத்துத் தயிரில் போட்டேன். வாடை இல்லை. தண்ணீரும் உடனே விடவில்லை. ஆனால் ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகத் தயிருக்குள் நீந்தியது. அத்தை ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். “இது காலிஃபிளவர் பச்சடிம்மா. நல்லாத்தான் இருக்கு. சாதம்னு மட்டும் சொல்லாத.” இதைவிடச் சரியான விமரிசனம் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பனீரை உதிர்த்துப் போட்டுப் பார்த்தேன். பாலுக்கு மேல் பால், மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. தேங்காய்த் துருவல் போட்டதும் சட்னி ஆகிவிட்டது, ஒரு தோசை கொடுங்கள் என்று அதுவே கேட்டது. பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்காகத் தேங்காய்ப்பால் தயிர் ஒன்று உண்டே, அதையும் விடவில்லை. முதல் பாலைக் கெட்டியாக எடுத்து, வெதுவெதுப்பாக்கி, பச்சை மிளகாயின் காம்பை நாலைந்து போட்டு ராத்திரி முழுக்க மூடி வைத்தால் புளிக்கும். நன்றாகத்தான் புளித்தது. ஆனால் கட்டித்தயிராக உறையவில்லை, தளதளவென்று நின்றது. முழுப் பேலியோக்காரர்களுக்கு வேறு வழி இல்லை, எனக்கு வழி இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தைக்காக நிஜத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. குழைய வேகவைத்த பொன்னி அரிசி. சூட்டோடு கரண்டியின் அடிப்பாகத்தால் மசித்து, பால் விட்டேன். விட்ட பால் காணாமல் போனது. இன்னும் கொஞ்சம் விட்டேன், அதுவும் போனது. ஆறியதும் தயிர் விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இறுகிப்போய் மறுபடி பால் கேட்கிறது. இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற வேலை, அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வேகும்போது அரிசி மாவு தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடிக்கிறது, மசித்தால் ஒன்றோடொன்று பிசினாக ஒட்டுகிறது, ஆற ஆற இறுகி இன்னும் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. காலிஃபிளவரில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். அரிசி மாதிரி ஊதி ஒட்டுகிற மாவு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. அரிசி வாங்கும் ஜாதி, காலிஃபிளவர் கொடுக்கும் ஜாதி. உப்புப் போட்டால் இன்னும் தாராளமாகக் கொடுக்கும். நான் இத்தனை நாளும் அரிசி மாதிரி இருக்கிற ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது அரிசி பார்த்த வேலையைப் பார்க்க ஆள். ஒரே ஆளால் முடியாது, நாலைந்து பேரைக் கூலிக்கு வைக்க வேண்டும்.

நாக்கில் பருக்கையாகத் தெரிவதற்கு வதக்கிய குருணை. ஒட்டுவதற்கு மசித்த காலிஃபிளவர். ஈரத்தை வாங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வயிற்றில் கனமாக உட்கார்வதற்கு வெண்ணெயும் பாலாடையும்.

இப்போது நான் செய்வது இப்படி. அறுநூறு கிராம் பூ ஒன்று, இறுக்கமாக, வெள்ளையாக இருக்க வேண்டும். விரிந்த பூ வேண்டாம், அதில் குருணை தூளாகிவிடும். மார்கழியில் விலை இறங்கும்போது நல்ல பூவாகவே கிடைக்கும். பெரிய பெரிய கொத்தாகப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம். புழு இருந்தால் மிதக்கும். வடித்துத் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். இப்படிக் காயவிடுவதுதான் பாதி வேலை. துருவிய பிறகு கழுவக் கூடாது, கழுவினால் இன்னொரு குடம் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

மூன்றில் இரண்டு பங்கைப் பெரிய கண் துருவியில் துருவுகிறேன். மிக்ஸியில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விப்பர் பக்கம் இரண்டே திருப்பு. மூன்றாவது திருப்பில் சட்னி. அகலமான இரும்பு வாணலியில் ஒரு ஸ்பூன் நெய், துருவலைப் பரப்பி, மூடாமல், உப்புப் போடாமல் ஆறேழு நிமிஷம். முதலில் ஆவி கிளம்பும், அதோடு வாடையும் போகும். ஆவி அடங்கி, வாணலியில் சரசரவென்று சத்தம் மாறும்போது இறக்கிவிட வேண்டும். நிறம் மாறக் கூடாது, மாறினால் பொரியல் வாசம் வந்துவிடும்.

மிச்சம் ஒரு பங்கையும், தூக்கிப் போடுகிறோமே அந்தத் தண்டையும் நறுக்கி இட்லிப் பானையில் ஆவியில் வைக்கிறேன். பன்னிரண்டு நிமிஷத்தில் விரலால் அழுத்தினால் நசுங்கும். அதைத் துணியில் கட்டிப் பிழிகிறேன். சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு பிழிய வேண்டும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று முதல் தடவை பார்த்து அசந்துபோனேன், அரை டம்ளருக்குக் குறையாது. பிழிந்ததை ஒரு ஸ்பூன் வெண்ணெய், இரண்டு ஸ்பூன் பாலாடை சேர்த்து, சூடு ஆறுவதற்குள் மத்தால் மசித்தால் வெண்ணெய் மாதிரி வழவழவென்று வரும். இது தான் குழைவு. குருணையையும் இதையும் சேர்த்துப் பிசைந்து முழுக்க ஆறவிட வேண்டும்.

தயிர் முழுக்கொழுப்புப் பாலில் வீட்டில் தோய்த்தது, புளிக்காதது. அதையும் துணியில் கட்டி முக்கால் மணி நேரம் தொங்கவிட்டு, தெளிவு வடிந்த பிறகு இருநூறு கிராம் அளவு சேர்க்கிறேன். வடிந்த தெளிவு வீணாகாது, அத்தை அதை மோர்க்குழம்பில் ஊற்றிவிடுவார்.

அப்புறம் அந்த ஈரம் வாங்கும் ஆள். இசப்கோல். ஆம், மருந்துக் கடையில் விற்கிற அதே இசப்கோல் உமிதான். கால் ஸ்பூன், மிஞ்சினால் அரை ஸ்பூன். தயிர் சேர்க்கும்போது மேலே தூவிக் கிளறி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால், காய் விடுகிற தண்ணீரையெல்லாம் அது குடித்துவிட்டு ஊதி நிற்கும். அரிசி செய்கிற வேலையின் சின்னப் பிரதி. ஒரு ஸ்பூன் போட்டால் சப்ஜா விதை ஊறினாற்போல் கொழகொழத்துப் போய்விடும், ஜாக்கிரதை. அத்தை இதைப் பார்த்த அன்று அடுப்படியில் பெரிய கலவரம். “வயிறு போறதுக்குக் குடிக்கிற மருந்தைச் சோத்துல போட்டுப் பிசையறாளேடா” என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

உப்பு கடைசியில், சாப்பிட உட்காரும்போது. முன்னால் போட்டால் இவ்வளவு பிழிந்ததும் வீண்.

தாளிப்பில் எனக்கு உளுத்தம்பருப்புதான் பெரிய இழப்பு. தயிர்சாதத்தில் எல்லாமே மெத்தென்று இருக்கும்போது, பல்லில் ஒன்றே ஒன்று கடுக்கென்று நிற்க வேண்டும். அது இல்லையென்றால் குழந்தைக்கு ஊட்டுகிற சாப்பாடு. பருப்பு கூடாது என்பதால் பாதாமை மெல்லிசாகச் சீவி, நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் போட்டேன். பல்லுக்குத் திருப்தி, வாசனைதான் உளுந்து இல்லை. அந்த வாசனையை இஞ்சியை வைத்துத் திசைதிருப்ப வேண்டும், பொடியாக நறுக்கி வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூட. கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எதற்கும் தடை இல்லை. பெருங்காயத்தில்தான் ஒரு சிக்கல். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை ஒருநாள் படித்துப் பார்த்தேன். பிசினும் கோதுமை மாவும் இருக்கிறது. இத்தனை காலம் பெருங்காயம் என்று மைதாவைத் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கிடைக்கிறது, கடுகளவு போதும், தெரு முழுக்க மணக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி ஒரு சிட்டிகை பெருங்காயத்தில் இருக்கிற மாவைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் மனுஷி வாழ முடியாது. நான் பழைய டப்பாவையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பந்தியில் தயிர்சாதத்துக்கு மேலே திராட்சை, மாதுளை முத்து, சில இடங்களில் செர்ரி எல்லாம் தூவி வைப்பார்கள். பேலியோவுக்கு முன்னாலேயே எனக்கு அது ஆகாது. இப்போது விலக்கி வைக்கச் சர்க்கரை என்று ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. வெள்ளரிக்காய் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீரை வெளியேற்ற இவ்வளவு பாடுபட்டுவிட்டு வெள்ளரியை உள்ளே விடுவதா? தொட்டுக்கொள்ள மாவடு, இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயில் கருகக் கருகப் பொரித்த மோர் மிளகாய்.

முதல் தடவை சரியாக வந்தது ஒரு புதன்கிழமை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து, கையில் கொஞ்சம் எடுத்து உருட்டினேன். நின்றது. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் குழி போட்டேன். ஓரம் லேசாக விரிந்தது, ஆனால் உடையவில்லை. அத்தை வைத்திருந்த சுண்டைக்காய் வத்தக்குழம்பை ஒரு சொட்டு விட்டேன். அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டேன். அது அம்மாவின் தயிர்சாதம் இல்லை. முதல் நொடியில் சாதம், இரண்டாம் நொடியில் இல்லை, விழுங்கும்போது மறுபடி சாதம். நடுவில் இருக்கும் அந்த ஒரு நொடியைத்தான் என்ன செய்தும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஆனாலும் நாலு உருண்டை, நாலு குழி. ஐந்தாவதில் குழம்பு மணிக்கட்டு வரைக்கும் ஓடியது.

இதை எழுதும்போதே ஒரு விஷயம். நான் சர்க்கரை மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றாமல் இதில் இறங்க வேண்டாம். எனக்கு எண் குறைந்தது. எவ்வளவு என்று சொன்னால் இது விளம்பரம் ஆகிவிடும்.

இந்தத் தயிர்சாதம் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ரயில். போன வருஷம் சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போகும்போது டப்பாவில் கட்டி எடுத்துப் போனேன். விழுப்புரம் வந்ததும் பசித்தது, திறந்தேன். உள்ளே மூடியிருந்த வாடை ஒரே மூச்சில் ஏசி பெட்டி முழுக்கப் போனது. எதிர் இருக்கைப் பெரியவர் மரியாதையாக, “ஏம்மா, முட்டை கெட்டுப்போச்சு போலிருக்கே, சாப்பிடாதீங்க” என்றார். இல்லைங்க, இது தயிர்சாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாங்க என்று சொல்லி மூடி வைத்துவிட்டேன்.

நம் தயிர்சாதத்தின் சாமர்த்தியமே பயணம்தான். சூட்டில் மசித்த சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிரை ஒரே ஒரு ஸ்பூன் விட்டுக் கிளம்பினால், போகிற வழியெல்லாம் அது டப்பாவுக்குள்ளேயே தோய்ந்துகொண்டு வரும். காலையில் பால்சாதம், மதியம் புளிக்காத பதமான தயிர்சாதம். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தத்தியோதனம் என்று கொடுக்கிறார்களே, அந்த ஒரு கைப்பிடியும் மணிக்கணக்கில் தாங்கும். அதையெல்லாம் தாங்கிப் பிடிப்பது அரிசி மாவு. என் குருணையில் பாலை விட்டு வைத்தால் பால் தனியே, காய் தனியே நின்றுகொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். இப்போது பயணம் என்றால் இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி பாதாம். வீடு வந்த பிறகுதான் தயிர்சாதம்.

அத்தைக்குச் சில மாதங்களாகக் கடைவாய்ப் பல் தொந்தரவு. ஒருநாள் இரவு நான் பிசைந்துகொண்டிருந்தபோது வந்து நின்றார். “எனக்கு அந்தக் குருணை வேணாம். நீ மத்தால மசிக்கிறியே, அது மட்டும் ரெண்டு கரண்டி போடு. கூட ரெண்டு கரண்டி சோறும் போட்டுக்கறேன்.” போட்டேன். பாதி அரிசி, பாதி காலிஃபிளவர், மேலே தயிர். தொண்டையில் நழுவிக்கொண்டு போகிறதாம். தினமும் அப்படித்தான் இப்போது. இசப்கோல் மட்டும் அவர் பக்கம் வரக் கூடாது.

ஆக, ஃபிரிட்ஜில் இரவு இரண்டு கிண்ணம் இருக்கும். இரண்டும் ஒரே அளவு எவர்சில்வர் கிண்ணம், இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி. போன வாரம் அலுவலகத்திலிருந்து வர ஒன்பதரை ஆகிவிட்டது. அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் ஒன்றை எடுத்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன். இன்றைக்கு அருமையாக வந்திருக்கிறதே, அந்த நடு நொடிகூடச் சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாயில் ஒரு பருக்கை நாக்கில் நீளவாக்கில் தட்டுப்பட்டது. அப்போது எனக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அத்தை மற்றொரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் கிண்ணத்தின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.